காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி

அத்தியாயம் – 14

மேஜை மேல் இரண்டு கேப்டன்கள் நின்றார்கள்.

இருவரும் ஓர் அடி உயர பிளாஸ்டிக் பொம்மைகள். ஒரே நீலக் கோட்டு, ஒரே நரைத்த தாடி, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரே தழும்பு. வெளிநாட்டுப் படம் ஒன்றில் வரும் கப்பல் தலைவன் அவன். ஒரு கேப்டன் மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் செய்யப்பட்டு வந்தவன். இன்னொருவன் ஓசூர் சிப்காட்டில், ஜோதிமணியின் கையால் கண் திறந்தவன்.

"எல்லாரும் கிட்ட வாங்க," என்றார் மேனேஜர் பூபதி. "கண்ணு நல்லாத் தெரியறவங்க முன்னாடி வாங்க. அப்படி யாராச்சும் இருந்தா."

பெயிண்டிங் பகுதியின் பதினோரு பெண்களும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். காலை மணி பத்து. கூரைத் தகடு அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் கையில் காகிதத்தோடு நின்றவன் ஜோதிமணியின் மகன் ஜெகதீஷ். அவன் இங்கே குவாலிட்டி செக்கராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்பதும், அவனை நிரந்தரமாக்கும் கடிதம் பூபதியின் மேஜை இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்பதும், அப்பா அண்ணாதுரை முதுகெலும்பு நகர்ந்து லேத் வேலையை விட்டு வீட்டில் படுத்திருப்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

"படிடா," என்றார் பூபதி.

"ஒண்ணு, தழும்பு," என்று ஆரம்பித்தான். "படத்துல புருவத்தத் தாண்டிக் கீழ இறங்கும். பழைய பீஸ்ல பாதியில நின்னுடுது. நம்மளுதுல சரியா இருக்கு. ரெண்டு, கோட்டு பட்டன். படத்துல ஏழு. பழசுல ஆறு. நம்மளுதுல ஏழு. மூணு, கண்ணு."

இங்கே அவன் குரல் கொஞ்சம் மாறியது.

"கண்ணுல வெளிச்சம் விழற வெள்ளைப் புள்ளி. பழசுல அத நட்ட நடுவுல வச்சுட்டாங்க, பொம்மை மாதிரி முழிக்குது. நம்மளுதுல ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் விழுது. விளக்கு எந்தப் பக்கம் இருக்குன்னே சொல்லிடலாம். உயிரோட பாக்குது."

ஜோதிமணி தலையைக் குனிந்துகொண்டாள். அது அவள் வேலை. பெற்ற பிள்ளை ஊர் முன்னால் அம்மாவைப் பெயர் சொல்லாமல் புகழ்கிறான். மனசுக்குள் சந்திரசூடேஸ்வரருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"நாலு," என்றான் ஜெகதீஷ். "இடது காதுக்குப் பின்னாடி ஒரு கறுப்புப் புள்ளி. படத்துல கிடையாது. பழைய பீஸ்ல கிடையாது. நம்ம லாட்ல நாப்பது பீஸ் எடுத்து, காலர இறக்கி லென்ஸ் வச்சுப் பாத்தேன். முப்பத்தெட்டுல இருக்கு."

போட்ட கும்பிடு பாதியில் நின்றது.

பூபதி லென்ஸை ஒவ்வொருத்தி கையிலும் திணித்தார். "பாரு. நீ பாரு. நல்லாப் பாரு. ஊசி முனை அளவு. ஆனா வாங்குற பையர் பாத்தா லாட் மொத்தமும் திரும்பி வரும். யாரு டேபிள்?"

"காதுக்குப் பின்னாடி ஹேர் செக்ஷன் சார். கறுப்பு பெயிண்ட் அந்த டேபிள்ல மட்டும்தான் இருக்கு." ஜெகதீஷ் காகிதத்தைப் பார்த்தே சொன்னான். "காத்தூன்."

காத்தூன் ஜோதிமணியைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு பூபதியைப் பார்த்தாள்.

"நான் வைக்கல சார்."

"அப்ப தானா வந்து உக்காந்துச்சா? சிதறியிருந்தா ஒண்ணு ரெண்டுல சிதறும். முப்பத்தெட்டுல ஒரே இடத்துலயா சிதறும்? வேணும்னு வச்சிருக்க. எவன் சொல்லி வச்ச?"

"நான் வைக்கல."

"நீ வைக்கலன்னா யாரு வச்சா? சொல்லு, கேப்போம்."

காத்தூன் வாயைத் திறக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். கண் மட்டும் கோபத்தில் சிவந்திருந்தது.

ஜோதிமணி பேச வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஜெகதீஷ் புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தான். சட்டைப் பையில் புதுப் பேனா. கழுத்தில் அடையாள அட்டை. அந்த இழுப்பறைக் கடிதம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. வாய் மூடிக்கொண்டது.

"மாரிசாமி!" என்று வாசல் காவலரைக் கூப்பிட்டார் பூபதி. "இந்தம்மா பையச் செக் பண்ணி, பிரஷ் எண்ணி வாங்கிட்டு அனுப்பு. சொல்லியனுப்புற வரைக்கும் வரவேணாம்."

காத்தூனின் துணிப் பையை எல்லார் எதிரிலும் கவிழ்த்தார்கள். ஒரு சீப்பு, பஸ் பாஸ், தலைவலி மாத்திரை அட்டை. அவ்வளவுதான் விழுந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெயிலில் இறங்கிப் போனாள்.

பொய் சொன்னால்தான் பாவம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவள் ஜோதிமணி. சும்மா நின்றாலும் அதே பாவம் வந்து சேரும் என்று நாற்பத்தைந்தாவது வயதில் தெரிந்துகொண்டாள்.

அந்தப் புள்ளியை வைத்தவள் அவள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து ஆறில், முதல் கேப்டனுக்கு அவள் கண் எழுதினாள். தாடியும் தழும்பும் எழுதும் வரை அது வெறும் தலை. பெரிய நெல்லிக்காய் அளவு பிளாஸ்டிக். இரண்டாவது கண்ணில் வெள்ளைப் புள்ளி விழுந்ததும் அது அவளைத் திரும்பிப் பார்த்தது. கோயில் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள் என்று அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியும். இத்தனை லட்சணமான முகம் கப்பல் ஏறி, கடல் தாண்டி, யார் யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலோ நிற்கப் போகிறது. எத்தனை கண் படும்! குழந்தைக்குச் செய்வதைப் போல, காலர் மறைக்கும் இடத்தில், காதுக்குப் பின்னால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

அன்றிலிருந்து ஒரு கேப்டனையும் அவள் பொட்டில்லாமல் அனுப்பியதில்லை. கறுப்பு எடுத்தது பக்கத்து மேஜையில். காத்தூன் எதற்கென்று கேட்டதில்லை. பார்த்தாள், சிரித்தாள், கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

ஆக, காத்தூனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும்தான் வாயை மூடிக்கொண்டு வெயிலில் போனாள்.

*

மதிய மணி அடித்தது. காத்தூனின் சாப்பாட்டு டப்பா அவள் மேஜையிலேயே இருந்தது. ஜோதிமணி அதை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால், புங்க மரத்தடிப் படியில் போய் உட்கார்ந்தாள். தினமும் இரண்டு பேரும் இரண்டு டப்பாவையும் திறந்து வைத்துப் பங்கு போட்டுச் சாப்பிடும் படி. இன்று ஒன்றையும் திறக்கவில்லை.

ஜெகதீஷ் தட்டோடு வந்தான். முகத்தில் சந்தோஷம் வழிந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு? கண்ணப் பத்திச் சொன்னேனே, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"படத்த பத்தொம்போது தடவ பாத்திருக்கேன்மா. நிறுத்தி நிறுத்தி. பூபதி சாரே அசந்துட்டாரு."

"அந்தப் புள்ளிய வச்சது நான்."

கையிலிருந்த சோற்று உருண்டை தட்டிலேயே விழுந்தது.

"என்ன சொல்ற?"

"முப்பத்தெட்டும் என் கைதான். மிச்சம் ரெண்டு, உங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு வேற யாரோ முடிச்சது. அதான் அதுல இல்ல."

"எதுக்கும்மா?"

"கண்ணு படக்கூடாதுன்னு."

அவன் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் முகம் கறுத்துவிட்டது. "பிளாஸ்டிக்குக்குக் கண்ணு படுமா? அறிவிருக்கா உனக்கு?"

"நீதானடா உயிரோட பாக்குதுன்னு எல்லார் முன்னாடியும் படிச்ச? உயிரோட பாக்குறதுக்குக் கண்ணு படாதா?"

"அது வேற, இது வேற! அந்த ஆளு காதுக்குப் பின்னாடி ஒண்ணும் கிடையாது. நீ பாட்டுக்கு ஒரு புள்ளிய வச்சா அது அந்த ஆளே இல்ல. காசு குடுத்து வாங்குறவன் தையல எண்ணுவான், கையுறைச் சுருக்கத்த எண்ணுவான். உனக்கு எங்க இது புரியப் போகுது?"

"தப்புதான். என் தப்பு. அத எதுக்குக் காத்தூன் தலையில கட்டின?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டியா?" ஜோதிமணியின் குரல் உயர்ந்தது. கேன்டீன் ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. "கேப்டன் பட்டன எண்ணத் தெரிஞ்ச உனக்கு, நாலடி தள்ளி உக்காந்திருக்கிற மனுஷிகிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியலயா? உனக்கு இந்த வேலை கெடச்சப்ப மொதல்ல இனிப்பு வாங்கிட்டு வந்தவடா அவ!"

"நீ மட்டும் என்ன? நீயும் அங்கதான நின்ன? பையக் கவுத்தாங்களே, அப்ப எங்க போச்சு உன் வாயி?"

அடி சரியான இடத்தில் விழுந்தது.

ஜெகதீஷ் பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரும்மா. இப்பப் போய்ச் சொன்னா உன் வேலையும் போகும், என் லெட்டரும் போகும். அப்பா எந்திரிக்க இன்னும் ஆறு மாசம் ஆகும். கையெழுத்து ஆகட்டும். அப்பறம் காத்தூன் அத்தைக்கு நானே வேற எங்கயாச்சும்..."

"ஒரு கேப்டன் விடாம வச்சிருக்கேன்டா," என்றாள் ஜோதிமணி, அவன் சொன்னது காதில் விழாதவளாக. "மொத கேப்டன்லேர்ந்து."

"எந்த மொத கேப்டன்?"

"பூபதி சார் ரூம் அலமாரியில கையெழுத்து ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கே, அது."

அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை அவள் பார்த்தாள்.

அந்தக் கம்பெனியில் செக்கராகச் சேர்பவனுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட சாம்பிள்தான் அளவுகோல். எதை ஒப்பிடுவதானாலும் அதோடு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். படத்தோடு இல்லை, பழைய பீஸோடும் இல்லை.

"சாம்பிளோட வச்சுப் பாத்தியாடா?"

"படம்தான்மா ஒரிஜினல். சாம்பிள் என்ன சாம்பிள்..." என்று இழுத்தவன், அவள் எழுந்ததும் கையைப் பிடித்தான். "வேணாம்மா. அத எடுத்தா என் ரிப்போர்ட்டே தப்புன்னு ஆயிடும்."

"ஆகட்டும்."

கையை உதறிவிட்டு நடந்தாள்.

*

"புள்ளி வச்சது நான் சார்," என்றாள், நின்றபடியே.

பூபதி முதலில் நம்பவில்லை. பிறகு கத்தினார். அந்த அறையின் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது என்று வெளியே இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். "இது கம்பெனியா, கோயிலா? நாளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி பேக்கிங் டப்பாவுக்குள்ள வைப்பியா? மொளகாய் சுத்திப் போடுவியா?"

"திட்டுங்க சார். ஆனா அந்த அலமாரியத் தொறந்து சாம்பிள எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க சார்."

வாசலில் ஜெகதீஷ் வந்து நின்றிருந்தான். பூபதி அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சாவியை எடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்த கேப்டனின் பாதத்தடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் பையரின் கையெழுத்து. அதற்குக் கீழே பூபதியின் சொந்தக் கையெழுத்து.

அவர் காலரை இறக்கி லென்ஸை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கா சார்?" என்று கேட்டாள் ஜோதிமணி.

பதில் அவளுக்கு வரவில்லை. ஜெகதீஷ் மேல் பாய்ந்தது. "சாம்பிளப் பாக்காம ரிப்போர்ட் எழுதச் சொல்லி எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தான்? ரூல் படி பாத்தா முப்பத்தெட்டும் சரி. புள்ளி இல்லாத ரெண்டுதான் தப்பு! என் கையெழுத்து இருக்குடா இதுல!"

"நீங்களும் இத்தன நாளாப் பாக்கலயே சார்," என்றான் ஜெகதீஷ். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஒரு வார்த்த விசாரிக்காமப் பையக் கவுத்தது நீங்கதான்."

"வெளிய போடா!"

"காத்தூன்?" என்று கேட்டாள் ஜோதிமணி.

"வரச் சொல்லு நாளைக்கு."

"நீங்க சொல்லுங்க சார். எல்லார் முன்னாடியும் அனுப்புனீங்க."

பூபதி சாம்பிளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "உன் விஷயத்தையே நாளைக்குத்தான் பேசணும். போ."

*

ஐந்து மணிக்கு ஷிப்ட் விட்டதும் ஜெகதீஷ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பாகலூர் ரோட்டுக்கு உள்ளே மூன்றாவது சந்தில் காத்தூன் வீடு. ஜோதிமணி டப்பாவோடு இறங்கினாள். அவன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

கதவைத் திறந்தது காத்தூனின் மகள் ஸோயா. "பெரிம்மா," என்றாள், ஆனால் வழி விடவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"நிக்கட்டும்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நான் நின்னனே, அந்த மாதிரி நிக்கட்டும்."

ஜோதிமணி நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் காத்தூன் வந்தாள். அழுத முகம் இல்லை. கழுவித் துடைத்த முகம்.

"எதுக்குக்கா வந்த?"

"சொல்லிட்டேன் காத்தூனு. நான்தான்னு சொல்லிட்டேன். உன்ன வரச் சொன்னாரு."

"எத்தன மணிக்குச் சொன்ன?"

"மத்தியானம்."

"என்ன அனுப்பினது பத்தரைக்கு." காத்தூன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லியிருந்தா அந்த நிமிஷமே உன் வேலை போயிருக்கும். வீட்ல அண்ணன் படுத்திருக்காரு. அதனால சொல்லல. ஆனா நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்க்கா. வாசல் வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். நீ கூப்பிடுவேன்னு மெதுவா நடந்தேன்."

ஜோதிமணியின் கண் நிறைந்தது. "கூப்பிடல. பயந்துட்டேன். அதுக்கு மன்னிப்புன்னு ஒண்ணு கேக்கவே எனக்கு வாய் வரல."

"கேக்காத. இன்னைக்குக் கேக்காத. எனக்கு ஆத்திரம் ஆறல."

அவள் பார்வை டப்பாவில் விழுந்தது. வாங்கினாள். கனத்தது. மூடியைத் திறந்தாள். காலையில் வைத்த புளிச்சோறு வைத்தபடியே இருந்தது.

"இத நீ தொடல. உன்னோடத?"

ஜோதிமணி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"சாப்பிடாம வந்து என் வாசல்ல மயங்கி விழுந்து அதுக்கும் நான் பேரு வாங்கணுமா?" காத்தூன் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். "ஸோயா, தட்டு எடுத்துட்டு வா. ரெண்டு எடு." பிறகு ஜோதிமணி பக்கம் திரும்பி, "ஆத்திரம் போச்சுன்னு நெனச்சுக்காத. உள்ள வா," என்றாள்.

இப்படிப்பட்ட கோபம் ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டைக் கடவுள் விட்டுப் போக மாட்டார்.

தட்டு வைத்து முதல் வாய் எடுப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஜெகதீஷ். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கையில் நான்காக மடித்த காகிதம்.

"அத்தை," என்றான்.

"சொல்லு."

"ரிப்போர்ட்ட... பன்னெண்டு மணிக்கே பையருக்கு மெயில் அனுப்பிட்டேன். சபாஷ் வாங்கலாம்னு. அதுல ஆப்பரேட்டர்னு போட்டு உங்க பேர எழுதியிருக்கேன்."

ஜோதிமணி எழுந்துவிட்டாள். "சாப்பிடும்போது சொன்னேனே உன்கிட்ட! அப்பவே அனுப்பியாச்சா? இத்தன நேரம் வாய மூடிட்டா வண்டி ஓட்டின?"

"உன் பிள்ளைதானம்மா," என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. தோற்றுப்போன குரல். "கெளம்புறப்ப பதில் வந்துச்சு. அத பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன். ஒரே ஒரு வரி. அந்தப் புள்ளிய வச்சவங்க முழுப் பேரு வேணுமாம். உடனே. நல்லதுக்கா, வேலைய விட்டுத் தூக்கவான்னு ஒண்ணும் போடல."

தெருவில் குக்கர் ரிப்பேர்காரன் கூவிக்கொண்டு போனான்.

"யாருன்னு தெரியலன்னு எழுதிடலாம்," என்றான் ஜெகதீஷ் தரையைப் பார்த்து. "எழுதினா நாம மூணு பேரும் தப்பிச்சுக்கலாம்."

"மொதல்ல என் பேர அடி," என்றாள் காத்தூன். "என் கண்ணு முன்னாடி அடி. அப்பறம் நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க."

அவன் காகிதத்தை விரித்தான். மேலே பதில் வரி, கீழே அவன் அனுப்பிய ரிப்போர்ட். முழங்காலில் வைத்து, காத்தூன் என்ற பெயரின் மேல் கோடு போட்டான். ஒரு கோடு போதவில்லை என்று நினைத்தானோ என்னவோ, இன்னொன்றும் போட்டான். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் பேனா நின்றது. நகரவில்லை.

ஜோதிமணி சோறு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். காலையில் தூரிகையைப் பிடித்த அதே விரல்களால் பேனாவை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"உன் கையெழுத்து வேணாம்," என்றாள். "என் பேரு. நானே எழுதறேன்."